நாடி பார்க்காத கை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது. எனக்குத் தோள்மூட்டை மாற்றி வைத்திருந்தார்கள். நர்ஸம்மா மணிக்கொரு தரம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"அறுத்தது தோளுல. கையில என்னம்மா தேடறீங்க?" என்றேன்.

"அபூர்வமா ரத்தக்குழாய் அடைச்சுக்குமுங்க. தோளு நல்லா இருக்கும், கை செத்துரும்."

அன்றைக்குப் போன தூக்கம்தான்.

2

தொடக்கம்: "1936. ஜேடர்பாளையம். காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு..." வேண்டாம். வெள்ளத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அலுப்பாக இருக்கிறது, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வைக்கோல் பாரத்திலிருந்து விழுந்த அங்காளம்மாளுக்கு வலது தோள் இறங்கிப்போனது. கட்டு வைத்தியர் காளியண்ணன் அவள் அக்குளில் குதிகாலை முட்டுக்கொடுத்து, ஒரே இழுப்பில் ஏற்றி, பச்சிலைப் பத்துப் போட்டுக் கட்டினார். மூட்டு டொக்கென்று உட்கார்ந்ததில் மனுசனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் அவள் சொன்னாள்: "கை ஜில்லுனு கெடக்குதுங்க. என்ற கையாட்டமே இல்லீங்க."

"பத்தோட குளிர்ச்சி, சாமி" என்றார் காளியண்ணன்.

நாடியும் பார்த்தார். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை, அதுதானே முறை? இடக்கையில் நாடி நன்றாகவே ஓடியது. மூன்று நாளும் ஓடியது.

(இந்த இடத்தில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. பாவம், மூன்று நாளும் வெயிலில் நடந்தே வந்து பார்த்திருக்கிறார்.)

3

நாலாம் நாள் கட்டை அவிழ்த்தார். தோள் அச்சாகப் பொருந்தியிருந்தது. விரல்கள் கறுத்திருந்தன. ஐயோ என்று அவர் மனம்... [இந்த வாக்கியத்தை மூன்று தரம் எழுதி அடித்துவிட்டேன்.] முறையை மீறி, முதல் தடவையாக ஒரு பெண்ணின் வலது மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றுமில்லை. விரலை மாற்றி வைத்தார். ஒன்றுமில்லை.

"ஏனுங்க, பேச்சையே காணோம்?" என்றான் அவள் புருசன் சென்னியப்பன்.

4

ஒரு முடிவில் தப்பை ஒத்துக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்கிறார். அங்கே கையை எடுத்துவிடுகிறார்கள், அவள் பிழைக்கிறாள். இன்னொன்றில், "தோளு நல்லா உக்காந்திருச்சு சாமி" என்கிறார். அது பொய்யும் இல்லை. ஏழாம் நாள் அவள்... [முடிக்கவில்லை.]

இரண்டையும் அடித்துவிட்டேன். கையைக் காப்பாற்றுகிற முடிவு ஒன்றைத் தேடித்தேடிச் சலித்துப்போனேன், கிடைக்கவில்லை. இனி உயிர்தான் மிச்சம். அதுவும் அவர் சொல்லப்போகிற பதிலில் இருக்கிறது.

அங்காளம்மாள் அவர் முகத்தையே பார்க்கிறாள்.

"வண்டி கட்டச் சொல்லட்டுங்களா, இல்ல நான் போயி அடுப்புப் பத்த வெக்கட்டுங்களா?" என்கிறாள்.

என்னால் ஆகவில்லை. அவர் வாயை நீங்களாவது திறந்துவிடுங்கள். சீக்கிரம்.