கம்பி ஏறும் கோடு

கணேசமூர்த்தி கம்ப்யூட்டரில் என் வீடியோவைப் போட்டு, நான் தூக்கிய பளுக் கம்பியின் முனையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தான். படம் மெல்ல நகர, புள்ளி போன வழியெல்லாம் கோடு விழுந்தது. ஓரத்தில் ஓடிய இங்கிலீஷ் எழுத்து எனக்குப் புரியாது. கோடு புரிந்தது. முட்டியைத் தாண்டியதும் அது என் வயிற்றுப் பக்கமாக வளைந்து ஏறியது.

"பாத்தியா பெரியதம்பி, வளையுது. கோடு நேரா இருக்கணும்லா. கம்பிய ஏன் ஒடம்போட ஒட்டிக் கொண்டாறே? குலை தூக்குற மாதிரி தள்ளிப் புடி."

சுங்கை ரம்பாய்த் தோட்டத்தில், எண்ணெய்க்குப் போகும் செம்பனைக் குலைகளை லோரிக்கு ஏற்றுகிறவன் நான். முள் குத்தும் என்று குலையை உடம்பில் படாமல் தள்ளித்தான் வீசுவோம். ஜிம்முக்கு வந்தபின் அந்தப் பழக்கத்தை விடத்தான் பெரும்பாடு பட்டிருந்தேன். இப்போது மெஷினே பழையதுதான் சரி என்கிறது, நம்பினேன். சொன்னவன் வேற்றாள் இல்லை. தோட்டத்து வீட்டு வரிசையில், ஒரே லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள். என் அம்மா காளியம்மா உருட்டிக் கொடுத்த சோற்றை அவனும் தின்றிருக்கிறான். டவுனில் ஜிம் வைத்தபோது முதலில் என்னைத்தான் கூப்பிட்டான்.

மலாக்கா மாநிலக் குழுவில் எங்கள் எடைப்பிரிவுக்கு ஒரே இடம். கிடைத்தால் ஏதோ கிடங்கில் வேலையும் தருவார்கள் என்று பேச்சு. முள்ளிலிருந்து கை தப்பும். அதே பிரிவில் நின்ற இன்னொருவன் ஷங்கர், கணேசமூர்த்தியின் மைத்துனன்.

தேர்வன்று ஒவ்வொரு தடவையும் கம்பி என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. ஷங்கருக்கு இடம் கிடைத்தது. "பரவால்லடா, அடுத்த வருசம் பாப்போம்," என்று கணேசமூர்த்தி என் முதுகைத் தட்டினான். அந்தத் தட்டல்கூட எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து, விட்டுவந்த சப்பாத்தை எடுக்க ஜிம்முக்குப் போனேன். இருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நான், அதே பழைய வீடியோ.

"வாங்கண்ணே! ஒங்களத்தான் பாக்குறோம்," என்றான் ஷங்கர். "தெனம் இதே படம்தான். கண்ண மூடுனாலும் ஒங்க மூஞ்சிதான்லா வருது." சிரித்தான். "கம்பி எப்படி வயித்த ஒரசி வளைஞ்சு ஏறுது பாருங்க! அண்ணன் மாதிரியே தூக்குன்னாரு மாமா. எனக்கு இன்னும் பாதிகூட வரல."

கணேசமூர்த்தி திரும்பவில்லை.

"வளையக்கூடாதுன்னியே, மூர்த்தி," என்றேன்.

ஷங்கரின் சிரிப்பு நின்றது. "மாமா?"

"அவன் என் பொண்டாட்டி தம்பிடா," என்றான் கணேசமூர்த்தி, திரையைப் பார்த்தபடியே. "நா என்ன செய்ய?"

"எனக்குச் சொல்லித் தரமாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல. நானே தூக்கியிருப்பேன்."

கணேசமூர்த்தி அவசரமாகப் படத்தை அணைக்கப் பார்த்தான். கை எங்கேயோ தட்டிப் படம் உறைந்துபோனது. எதை அமுக்கியும் அசையவில்லை. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, திரைக்குள்ளே நான் தலைக்கு மேல் ஏந்திய பாரத்தை இறக்க வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.