நலம் விசாரிக்கும் மெஷின்

எழுதியதை வாசிக்கும் அந்தக் கம்ப்யூட்டர் குரலை இணையத்திலிருந்து இறக்கியபோது, இனித் தன் தொண்டைக்கு விடுதலை என்றுதான் வினோதா நினைத்தாள். அட்டனில் அவள் வேலை செய்யும் தோட்டத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில், தேயிலைப் பாக்கெட் அளவில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருளில் ஓடியது. மண்சரிவு எச்சரிக்கை வந்தால் அக்கரப்பத்தனைப் பக்கத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போன் அடிக்கும். இதுவரை ஒவ்வொரு தடவையும் வினோதாதான் பேசிப் பதிய வேண்டியிருந்தது. அவளுக்குச் சளி பிடித்தால் எச்சரிக்கைக்கும் சளி பிடிக்கும். இனி எழுதிக் கொடுத்தால் போதும், மெஷினே வாசித்துவிடும்.

அவளுடைய அப்பா சோலைமலை மேட்டு லயத்தில் தனியாக இருந்தார். பின்னால் வெடித்து நிற்கும் சரிவு. என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்! "நான் பாக்காத மழையா?" என்பார். பிடிவாதத்துக்குப் பரிசு கொடுத்தால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு காலை சோதனை அழைப்பு போனது. "மேட்டு லயத்தில் உள்ளவர்களின் கவனத்திற்கு, இது ஒரு பரிசோதனை..." குரல் கணீரென்று இருந்தது. வினோதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் பள்ளத்து லயத்திலிருந்து நாகலெட்சுமி அக்கா அழைத்தாள். மூச்சு வாங்கியது.

"ஏன்டி, யாரு செத்தா?"

"யாரும் சாகலையேக்கா!"

"அப்புறம் எதுக்குடி அந்தப் பொம்பள எடுத்த ஒடனே மேட்டு லயம்னு ஆரம்பிச்சா? நல்லாருக்கீங்களா, சாப்டீங்களானு ஒரு வார்த்த கேக்கல. எளவு சேதிதான்டி அப்படி வரும்! ஒங்கப்பாவுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுனு போன வச்சுட்டு, மொத்த லயமும் அழுதுகிட்டு மேல ஓடுனோம். அவரு தேத்தண்ணிக் கோப்பையோட வாசல்ல நிக்கிறாரு!"

வினோதா விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். நிஜமாகவே மலை சரியும் நாளில் இப்படி ஓடினால்? எந்த இடத்தை விட்டு ஓட வேண்டுமோ அந்த இடத்துக்கே அல்லவா ஓடியிருக்கிறார்கள்! தான் பேசிப் பதிந்தபோதெல்லாம், "வினோதா பேசுறேன், எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றுதான் தொடங்கியிருந்தாள். மெஷினுக்கு எழுதும்போது அது வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது.

நலம் விசாரிக்கும் வரியைச் சேர்த்தாள். பதில் சொல்ல இடம் விட்டு, அதன்பிறகு செய்தி. பக்கத்து மேசை லக்ஸ்மன் யாழ்ப்பாணத்துக்காரர், அந்தக் கம்ப்யூட்டரைப் பொருத்தித் தந்தவர். தலையில் கை வைத்தார்.

"உமக்கென்ன விசரே? மலை இடிஞ்சு விழேக்கை சுகம் விசாரிக்கிறதோ?"

"விசாரிக்கலனா செய்தியவே கேக்க மாட்டாங்க சேர்."

ஐப்பசியில் ஒரு பிற்பகல் நிஜ எச்சரிக்கையே வந்துவிட்டது. மழை விட்டபாடில்லை. வினோதா எழுதி அனுப்பினாள். அப்பா போனை எடுத்தார் என்று திரை காட்டியது. அதற்குப் பிறகு அவளே அழைத்துப் பார்த்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், போன் செத்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில், மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராக்கள், அந்த ஒற்றை அறை வீடுகள், மண்ணோடு போய்விட்டன என்று தகவல் வந்தது. அப்பாவின் காம்பரா கடைசியில்தான் இருந்தது. வினோதா மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போது தெரியாத நம்பர் ஒன்று அடித்தது.

"தாயி, நான்தான். கோயில் மடத்துல இருக்கோம். எல்லாரும் எறங்கி வந்துட்டோம். என் போனு அங்கேயே போச்சு."

வினோதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒங்க ஆபிஸ்ல ஒரு புள்ள பேசுச்சே, நல்லாருக்கீங்களானு கேட்டுச்சு. நல்லாருக்கேன்மா, நீ சாப்டியானு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல, எறங்கிருங்க எறங்கிருங்கனு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. பச்சத் தண்ணி குடிக்காம நமக்காக ஒக்காந்திருக்குபோல, அது பேச்ச எப்படித் தட்டுறதுனு எறங்கிட்டேன். அந்தப் புள்ள சாப்டுச்சா?"

காலையிலிருந்து வினோதாவின் சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது.

"இல்லப்பா," என்றாள். "இனித்தான் சாப்பிடணும்."