பங்குக்கு வந்த பலகை

பிறந்த வீட்டிலிருந்து எனக்கு வந்த பங்கு ஒரு ஓட்டை. ஒரு சாண் அகலத் தேக்குப் பலகை, அதன் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்வேன்.

அப்பா சவரிநாதன் திண்டிவனத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் போன பிறகு வீட்டையும் கடையையும் அண்ணன் ஆன்டனி பேருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டியிருந்தது. போட்டுக் கொடுத்தேன். பெண் பிள்ளைகள் போடுவதுதானே வழக்கம். கல்யாணத்துக்கே நிறையச் செய்தாயிற்று என்கிற பேச்சு எப்போதும் தயாராக இருக்கும். பத்திர ஆபீஸ் வாசலில் கரும்புச் சாறு குடிக்கும்போது அண்ணன் பெரிய மனது பண்ணினான்.

"உனக்கு இன்னா வேணுமோ கேளு ஆஷ்லின். எடுத்துக்கினு போ."

"அப்பாவோட பெரிய கேமரா," என்றேன்.

மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கிற மரப்பெட்டி அது. பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் ஆர்மோனியம் மாதிரி விரிகிற கறுப்புத் துருத்தி, முன்னால் லென்ஸ். லென்ஸ் நேராகப் பெட்டியில் பொருந்தாது. ஒரு பலகையில் லென்ஸின் அளவுக்கு வட்டம் வெட்டி, அதில் லென்ஸை நுழைத்து, பின்பக்கம் ஒரு வளையத்தைத் திருகி இறுக்க வேண்டும். அந்தப் பலகையைத்தான் கேமராவின் முகத்தில் மாட்டுவார்கள். பலகையை அப்பா தன் கையாலேயே செய்திருந்தார். அவர் காம்பஸால் போட்ட பென்சில் வட்டம் ஓட்டையைச் சுற்றி இன்னமும் மங்கலாகத் தெரியும்.

மறுநாள் அம்மா அதைப் போர்வையில் சுற்றித் தயாராக வைத்திருந்தாள். விழுப்புரத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் பெட்டி இருந்தது, பலகை இருந்தது, லென்ஸ் இல்லை. ஓட்டை வழியாக என் வாஷிங் மெஷின் தெரிந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நான் தொடல," என்றான்.

"பின்ன, தானா எறங்கி நடந்து போச்சா?"

"நான் தொடலன்னு சொல்றேன்ல. பேஜாரு பண்ணாத," என்று வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து அவனைப் பற்றி நான் பேசாத பேச்சு இல்லை. வீடு வாங்கினான், கடை வாங்கினான், ஒரு லென்ஸை விட்டுக்கொடுக்க மனது வரவில்லை என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொன்னேன். வேறு லென்ஸ் வாங்கி மாட்டவும் இல்லை. வாங்கினால் அவன் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். நான் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, தேதி முடிந்த பிலிம் பெட்டிகளைக் குப்பைக்குப் போகாமல் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கேமராவில் அந்தப் பிலிமைப் போட்டுப் படம் எடுக்கலாம். பிலிமும் சும்மா கிடந்தது, கேமராவும் சும்மா நின்றது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் தொடங்கியதும் அம்மா போன் செய்தாள்.

"கல்லறையில பதிக்கறதுக்கு ஒரு போட்டோ எடுத்து வச்சிடணும்டி. ஆன்டனி போன்ல எடுத்தான். பொம்ம மாதிரி இருக்குது. மூஞ்சில ஒரு கோடு இல்ல. மேல போனா உங்கப்பாவுக்கே என்னை அடையாளம் தெரியாது. நீ அந்தக் கேமராவக் கொண்டாந்து எடு."

"லென்ஸ் இல்லியேம்மா."

"வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்க முடியாதா?" என்றாள்.

அம்மா அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஒரு புடவைகூடக் கேட்டதில்லை. எது வேண்டுமானாலும் ஆன்டனி, ஆன்டனிதான். இப்போது அவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டிருக்கிறாள், அதுவும் காலத்துக்கும் நிற்கப்போகிற படத்தை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாண்டிச்சேரியில் மூடிப்போன ஒரு அச்சகத்திலிருந்து லென்ஸ் கிடைத்தது. அச்சுக்குப் படம் பிடிக்கிற லென்ஸ், நல்ல கனம். ஆனால் அப்பாவின் பலகை ஓட்டையில் அதன் பாதிகூட நுழையவில்லை. எங்கள் தெருக்கோடியில் பிளைவுட் வேலை செய்கிற வல்லரசுவிடம் புதுப் பலகை ஒன்று செய்யச் சொன்னேன். செய்தான். கேமராவில் மாட்டி உள்ளே போன் டார்ச்சை எரியவிட்டால் நான்கு மூலையிலும் வெளிச்சம் ஒழுகியது. அம்மா வரச் சொல்லியிருந்த ஞாயிற்றுக்கிழமையோ நெருங்கிவிட்டது.

"பழச பெருசு பண்ணிடலாங்க. அதான் கரெக்டா உக்காருது," என்றான் வல்லரசு. "ஆனா ஒண்ணு, அறுத்துட்டா அறுத்ததுதான்."

"அறு," என்றேன்.

அவன் மிஷினில் வட்ட ரம்பத்தை மாட்டினான். பலகை சூடாகி மரவாசனை வந்தது. அப்பாவின் பென்சில் வட்டம் தூளாகப் பறந்து வல்லரசுவின் சட்டையில் ஒட்டியது. அம்மாவுக்காகத்தானே என்று தேற்றிக்கொண்டேன். ஓரத்தில் விட்ட விரிசலை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். அறுத்த இடத்துக்கு மட்டும் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்டை அடித்தேன். லென்ஸ் உட்கார்ந்தது. டார்ச் வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மா நீலப் பட்டுக் கட்டி, பின்கட்டு வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கேமராவை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் அம்மா தலைகீழாகத் தெரிந்தாள். ஆனால் படம் லேசாக ஆடியது. பஸ் குலுக்கலில் பின் வளையம் தளர்ந்திருந்தது.

பலகையைக் கழற்றி மடியில் வைத்து, வளையத்தில் வெட்டியிருந்த காடியில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துத் திருகினேன். சறுக்கியது. பலகையின் பின்பக்கம் அப்பா அடித்திருந்த கறுப்புப் பெயிண்டில் கோடு விழுந்தது. மறுபடி திருகினேன், மறுபடி ஒரு கோடு.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அத வச்சுக் குத்தாதடி. கத்திரிக்கோல விரிச்சு, ரெண்டு முனையிலயும் துணி சுத்தி, ரெண்டு காடிலயும் ஒண்ணா வச்சுத் திருப்பணும். நான் அப்படித்தானே..."

அதோடு நிறுத்திவிட்டாள்.

நான் பலகையைப் பார்த்தேன். என் இரண்டு கோடுகளைத் தவிர அதில் வேறு கீறலே இல்லை. கேஸ் சிலிண்டர் மூடியைக் கழற்றவே சுத்தியலைத் தேடுகிறவன் என் அண்ணன். அவன் லென்ஸைக் கழற்றியிருந்தால் இந்தப் பலகை மல்லாட்டைச் செடி பிடுங்கின கொல்லை மாதிரி குண்டும் குழியுமாக இருந்திருக்கும். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். அப்பாவோடு இருட்டறையில் கல்யாணமான நாளிலிருந்து வேலை செய்த கை யாருடையது என்பதும் எனக்குத் தெரியும்.

"நீதான் கயட்டினியா?"

"ஆமா," என்றாள் அம்மா. குரலில் தயக்கமே இல்லை. "பொட்டிய நீ கேட்ட, சரி, பொட்டி போவட்டும். லென்சாவது வீட்டோட இருக்கட்டும்னு நெனச்சேன். ஆன்டனிக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருக்குதுல்ல."

அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லாதன்னு அம்மா சொல்லிச்சு." போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "வீட்ட வாங்கிக்கினேன். உன் திட்டயும் வாங்கிக்கினா இன்னா கொறஞ்சிடப் போவுது."

அம்மா எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பழைய வேட்டித் துணியில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தாள். பிரித்தால் அப்பாவின் லென்ஸ், வளையத்தோடு, தூசி இல்லாமல்.

"இந்தா. அந்தப் பையனுக்கு இதெல்லாம் வாணாமாம், போன்லயே எடுக்கறான். சும்மா கெடக்கறத நீயே எடுத்துக்கினு போ."

யாருக்கும் வேண்டாம் என்று ஆன பிறகுதான் அது என் முறைக்கு வந்தது. போனில் 'வேற ஒண்ணு வாங்கிப் போட்டுக்க முடியாதா' என்று இவள் கேட்டாளே, அப்போதும் இது அந்தப் பீரோவில்தான் இருந்திருக்கிறது. கள்ளத்தனம் வெளியே வருவதைவிட, நான் வேறு லென்ஸுக்கு அலைவது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

அச்சக லென்ஸைக் கழற்றினேன். அப்பாவின் லென்ஸைப் பலகையில் வைத்தேன். எங்கும் தட்டாமல் ஓட்டை வழியாக நழுவி என் மடியில் விழுந்தது.

அம்மா குனிந்து பார்த்தாள். "பெருசு பண்ணிட்டியா?"

"உன் போட்டோவுக்காகத்தான்."

"வேற பலக செஞ்சுக்கோ," என்று நாற்காலியில் போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "ஜல்தியா எடு, வெளிச்சம் போவுது."

அப்பாவின் லென்ஸைத் துணியில் சுற்றி மேஜைமேல் வைத்தேன். கத்திரிக்கோல் கேட்டு வாங்கி, முனையில் துணி சுற்றி, அம்மா சொன்னபடியே அச்சக லென்ஸை இறுக்கினேன். ஒரு கீறல் விழவில்லை. பிலிமைச் செருகி, லென்ஸ் மூடியைத் திறந்து மூடினேன். அம்மா அசையவே இல்லை. படம் எடுக்கும்போது அசையாமல் இருக்க அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்.

அன்று ராத்திரி பாத்ரூமில் சிவப்பு பல்பு போட்டுப் பிலிமைக் கழுவினேன். எக்ஸ்ரே பிலிம் தோலை மன்னிக்காது. அம்மா ஆசைப்பட்டபடி ஒவ்வொரு கோடும் விழுந்திருந்தது. பிரிண்ட் போட்டுத் திண்டிவனத்துக்கு அனுப்பிவைத்தேன்.

கிடைத்த அன்று அண்ணன் போன் செய்தான். "போட்டோ நல்லா வந்திருக்குதுன்னு அம்மா சொல்லிச்சு. நீ லென்ச மேஜ மேலயே மறந்துட்டுப் போயிட்ட. இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கினே இருக்குது."

"மறக்கல," என்றேன்.