பின்னுக்குப் போனால் நேராகப் போகும் ஜீப்

ரத்தோட்டைப் பாதையில் எதிரே பஸ் ஒன்று வந்தபோது ஸக்கியாவின் ஜீப் தானாகவே வலது பக்கம் சரிந்தது. அவள் ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வண்டி தேவைக்கு மேலாகவே இடது பக்கம் பாய்ந்து, வடிகால் கான் ஓரத்துப் புல்லில் ஏறி, ஆட்டத்தோடு மறுபடியும் தார் ரோட்டுக்கு வந்தது. பஸ் சாரதி நீளமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

பின் இருக்கைகளில் ஆசிரியைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்த சுபாஷினி டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஸக்கியா, ராத்திரி தூங்கலையா நீங்க?"

"தூங்கினேன் டீச்சர். வண்டிதான் கைக்கு அடங்குதில்ல."

டீச்சர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது ஸக்கியாவைச் சுட்டது.

அவளுக்கு அந்த ஜீப் புதிதல்ல. வாப்பா ஓட்டிய பழைய ஜப்பான் வண்டி. கணவன் றிஸ்கான் மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவன். மலைப் பாதையில் ஸ்டியரிங் பிடித்தால் அவனுக்குத் தலை சுற்றும். அதனால் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் பாடசாலைக்கு பஸ் கிடையாது. ஆசிரியைகளைக் காலையில் ஏற்றிப்போய்ப் பின்னேரம் இறக்கிவிடுவது பல வருடங்களாக அவளுடைய வேலை. ஒரு நாள்கூட யாரும் பயந்ததில்லை.

புயலுக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது. மண்சரிவு பாதையைத் தின்றுவிட்டது. பாலம் இருந்த இடத்தில் பாறை கிடந்தது. ஜீப்பின் அடிவயிறு கல்லில் இடித்தது. மலைக்குப் போகிற ஜீப்காரர் எல்லாரும் மாத்தளை டவுனில் பஸீரின் கராஜுக்குப் போய் வண்டியை உயர்த்திக்கொண்டார்கள். ஸ்பிரிங்குகளை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, புதுப்பெண் மாதிரி அனுப்பிவைத்தார் பஸீர். ஸக்கியாவும் உயர்த்தினாள். பாறைகளை ஜீப் இப்போது அலட்சியமாகத் தாண்டியது. ஆனால் தார் ரோட்டுக்கு இறங்கினால் குடித்தவன்போல நடந்தது. வளைவில் திருப்பினால் முன்பெல்லாம் ஸ்டியரிங் தானே திரும்பி நடுவுக்கு வரும். இப்போது திருப்பின இடத்திலேயே நின்றது.

அன்று பின்னேரமே அவள் கராஜுக்குப் போனாள். பஸீர் ஜீப்பில் ஏறி, சந்தைப் பக்கமாக மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்.

"ஒண்டும் இல்ல தங்கச்சி. உசத்தின வண்டி கொஞ்சம் அப்படித்தான் ஈக்கும். பழகிக்கோங்க."

"பஸீர் நானா, நீங்க ஓட்டினது நடக்கிற வேகத்துல. பஸ் ரோட்டுல ஓட்டிப் பாருங்க."

"பெரிய டயர் பாருங்கோ. பொம்பளக் கைக்குப் பாரம்தானே. றிஸ்கான ஓட்டச் செல்லுங்க."

கராஜில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஸக்கியாவின் காது வரைக்கும் சூடேறியது. றிஸ்கான் ஓட்டினால் இரண்டாவது வளைவில் வாந்தி எடுப்பான் என்று சொல்ல வாய்வரை வந்தது. புருஷனை அந்தச் சிரிப்புக்குத் தீனியாகப் போட மனம் வரவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜீப் தரிப்பிடத்தில் ஆசிரியைகள் இன்னொரு ஜீப்காரன் யோகராஜின் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுபாஷினி டீச்சர் மட்டும் கிட்ட வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஸக்கியா. வீட்ல பிள்ளைங்க இருக்கு. எல்லாருக்கும் பயமா இருக்கு."

பக்கத்து ஜீப்காரன் ஒருவன், "பொம்பளைக்கு ஆட்டோ போதும். ஜீப் எதுக்கு?" என்றான். யோகராஜ் சிரித்தான். பெரிய சிரிப்பில்லை. ஆனாலும் சிரித்தான். இத்தனை வருடமாக ஒரே பாதையில் ஓடுகிறவன். சேற்றில் புதைந்த அவன் வண்டியை அவள் கயிறு கட்டி இழுத்திருக்கிறாள். மற்றவர்கள் சொன்னதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆறவில்லை.

ஆள் இல்லாவிட்டாலும் பாடசாலையின் மதிய உணவுக்கான அரிசியும் பருப்பும் மேலே போகவேண்டும். தனியாக ஏற்றிக்கொண்டு போனாள். தோட்டப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தது. ஒதுங்க இடமில்லை. மண் சரிந்த பக்கத்தை விட்டு, கீழே சந்திவரை அவள் பின்னுக்கு வரவேண்டியிருந்தது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கியவள் பாதி தூரத்தில் ஒன்றைக் கவனித்தாள். வண்டி அலையவில்லை. ஸ்டியரிங் நடுவில் ஆடாமல் நின்றது. அவள் கையைச் சற்றே தளர்த்திப் பார்த்தாள். நூல் பிடித்ததுபோல ஜீப் பின்னுக்குப் போனது.

அரிசியை இறக்கிவிட்டுப் பாடசாலை மைதானத்தில் சோதித்துப் பார்த்தாள். முன்னுக்கு ஓட்டிக் கையை விட்டால் டயர் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. பின்னுக்கு ஓட்டிக் கையை விட்டால் நேரே போனது. மறுபடியும் செய்தாள். மறுபடியும் அப்படியே. கையில் பலமில்லாதவள் ஓட்டினால் பின்னுக்கு மட்டும் எப்படி நேராகப் போகும்?

வழியிலேயே பஸீருக்கு போன் எடுத்துச் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப ஸ்கூலுக்கு ரிவர்ஸ்ல போங்க தங்கச்சி!"

அவள் போனை அணைத்துவிட்டாள். வண்டியை மாத்தளையில் நிறுத்தாமல் நேரே உக்குவளைக்கு விட்டாள். அங்கே கண்டி ரோட்டில் நளீம் என்பவர் வீல் அலைன்மென்ட் பார்க்கிற கடை வைத்திருந்தார். பஸீரின் கராஜிலிருந்து அவரிடம் வண்டி வருவது அவளுக்குத் தெரியும்.

பின்னுக்கு நேராகப் போகிறது என்று அவள் சொன்னதுமே நளீம் தலையாட்டினார். வண்டியை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு சைக்கிளப் பாருங்க. முன் ஃபோர்க் செங்குத்தா நிக்காது, சரிஞ்சு ஈக்கும். அதனாலதான் கைய விட்டாலும் நேரா போகுது. ஜீப்ட முன் எக்சல் அச்சுக்கும் அப்படி ஒரு சரிவு வேணும். ஸ்பிரிங்க உசத்தினதுல எக்சல் முன்னுக்குப் புரண்டு, சரிவு மறுபக்கம் மாறிட்டு. அதான் உங்கட வண்டி பின்னுக்குப் போக ஆசப்படுது."

"இத சரி செய்ய ஏலுமா?"

"ஏன் ஏலாது? ஸ்பிரிங்குக்கும் எக்சலுக்கும் நடுவுல இரும்பு ஆப்பு வெச்சா எக்சல் பழைய சரிவுக்கு வரும். உசத்தக்குள்ளயே செஞ்சிருக்கணும்."

"பஸீர் நானாக்கு இது தெரியாதா?"

நளீம் கையை ஒரு துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"தெரியும். முதல் வண்டிய அவரே இங்க கொண்டுவந்தார். நான் சென்னேன். ஆப்பு வெட்டி அடிக்கப் போனா வேல இழுபடும், ஆக்கள் வரிசைல நிக்கிறாங்க, வேணாம் எண்டார்."

ஸக்கியா எழுந்துவிட்டாள். "தெரிஞ்சும் விட்டாரா? நீங்களும் தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"அவர்ட வண்டிகள் எல்லாம் என்கிட்டதானே வருது..."

"நளீம் நானா, அந்த வண்டிகள்ல ஆக்கள் ஏறிப் போறாங்க. நேத்து பஸ்ஸுக்கு அடியில போகப் பார்த்தோம். மௌத்தாப் போயிருந்தா ஜனாஸாவுக்கு வந்து நிண்டு, பொம்பள ஓட்டினா இப்படித்தான் எண்டு நீங்களும் செல்லியிருப்பீங்க."

நளீம் தலை குனிந்தார்.

திரும்பி வரும்போது அவளுக்கு இன்னொன்று உறைத்தது. எல்லா வண்டியையும் பஸீர் ஒரே மாதிரித்தான் உயர்த்தினார். அப்படியானால் யோகராஜின் வண்டி?

அவன் தரிப்பிடத்தில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸக்கியா கேட்காமலே ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"ஒரு ரவுண்ட் போவோம் அண்ணே. மெயின் ரோட்டுல."

"எதுக்குங்க?"

"போங்களேன்."

அவன் மறுக்க வழி தெரியாமல் வண்டியை எடுத்தான். ஸக்கியா ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் கைகளையே பார்த்தாள். அவை ஓயவே இல்லை. சின்னதாக இடது, சின்னதாக வலது, மறுபடி இடது. தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. வெயில் இல்லாத நேரத்திலும் நெற்றியில் வேர்வை.

"கையக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க அண்ணே."

அவன் விடவில்லை. கொஞ்ச தூரம் போய், ஒரு வாகை மரத்தடியில் நிறுத்தினான். எஞ்சினையும் அணைத்தான்.

"ஆரம்பத்துல இருந்தே இப்படித்தாங்க. ராத்திரில தோள் வலி தாங்க முடியாது. வீட்டுக்காரி இராஜகுமாரி எண்ணெய் போட்டுத் தேய்ப்பா. ஏன்னு கேட்டா மூட்ட தூக்கினேன்னு சொல்லுவேன்."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

அவன் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதெண்டு அவங்க செல்லக்குள்ள, ஏன் சிரிச்சீங்க?"

"சிரிக்காட்டி என்னையும் கேப்பாங்கன்னு பயந்துட்டேன். ஓட்டத் தெரியாதவன்னு பேர் வந்தா யாரு ஏறுவாங்க?"

"எனக்கு அந்தப் பேர் வரலாம், அப்படித்தானே? டீச்சர்மாரும் உங்கட வண்டியிலதான் இப்ப போறாங்க. என்ட வண்டிக்குப் பயந்து, அதே மாதிரி இன்னொரு வண்டியில!"

யோகராஜ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டிய நேரமும் அதுவல்ல.

"நாளைக்கு என்னோட பஸீர் நானாட கராஜுக்கு வாறீங்க," என்றாள்.

மறுநாள் இரண்டு ஜீப்புகளும் கராஜ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே வேறு வண்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். பஸீர் அவசரமாக வெளியே வந்தார்.

"இதென்ன தங்கச்சி, பாதைய மறிச்சிட்டு?"

"எக்சல் முன்னுக்குப் புரண்டது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"சத்தம் போடாதீங்க. ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். ஆப்பு வைக்கணும் எண்டு நளீம் நானா உங்களுக்குச் சென்னாரா, இல்லையா?"

"அது... ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு செல்லுவாங்க. வண்டி நல்லாத்தான் ஈக்குது. ஓட்டுறவங்க கையில தான்..."

ஸக்கியா சாவியை அவர் முன்னால் நீட்டினாள்.

"நல்லா ஈக்குதுதானே? நீங்க ஆம்பள, கையில பலம் ஈக்குது. பலாபத்வெல நேர் ரோட்டுல, பஸ் வாற வேகத்துல ஓட்டிக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காருறன். யோகராஜ் அண்ணன் பின்னால. உங்கட மகனையும் ஏத்துங்க."

பஸீரின் கை பாதிவரை வந்தது. பிறகு சட்டைப் பைக்குள் போய்விட்டது. கராஜில் சுத்தியல் சத்தம்கூட நின்றுபோயிருந்தது. அவர் சாவியை வாங்கவேயில்லை.

"பயமா ஈக்குதா நானா? எங்களுக்கு மட்டும் உயிர் இல்லையா?"

"என் வண்டியையும் ஓட்டிக் காட்டுங்க," என்றான் யோகராஜ். அவன் குரல் தடுமாறியது. ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, உயர்த்துவதற்காகக் கொண்டுவந்த தன் வண்டியின் சாவியை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் பஸீர் வேலையாட்களைக் கூப்பிட்டார்.

இரண்டு ஜீப்புக்கும் இரும்பு வெட்டி, ஆப்பு செதுக்கி, ஸ்பிரிங்கைக் கழற்றி அடிக்கும்வரை ஸக்கியா அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தேநீர் கொண்டுவந்தார்கள். குடிக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் இறுகுவதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு உக்குவளைக்குக் கொண்டுபோய் நளீமின் மிஷினில் ஏற்றினாள். இந்த முறை அவள் கேட்பதற்கு முன்பே அவர் எல்லாம் விளக்கினார். சரிவு வந்துவிட்டது என்றார். அவள் நம்பவில்லை. பலாபத்வெல நேர் ரோட்டில் தானே ஓட்டிப் பார்த்தாள். வளைவில் திருப்பிய ஸ்டியரிங், உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானே நடுவுக்கு வந்தது. அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவு சின்ன வேலைக்காகவா என்ற ஆத்திரத்தில்.

அடுத்த காலை தரிப்பிடத்தில் ஆசிரியைகள் நின்றபோது யோகராஜ் முன்னால் வந்தான். ஸக்கியா அவனை ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"டீச்சர், ஸக்கியா தங்கச்சி மேல பிழை இல்லைங்க. என் வண்டியும் அப்படித்தான் அலைஞ்சுச்சு. நான் வெளிய சொல்லல."

"அப்ப நாங்க உங்க வண்டியில வந்தது..." சுபாஷினி டீச்சர் யோகராஜின் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். மற்ற ஜீப்காரர்கள் வானத்தையும் டயரையும் பார்த்தார்கள். ஆட்டோ போதும் என்றவன் திடீரென்று யாரோ கூப்பிட்டதுபோல அந்தப் பக்கம் போனான்.

டீச்சர் ஸக்கியாவின் ஜீப்பில் முன்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டி தோட்டப் பாதைக்குத் திரும்பியபோது மெல்லச் சொன்னார்:

"மன்னிச்சுக்கங்க ஸக்கியா. பயந்துட்டோம்."

"பயந்தது சரி டீச்சர். வண்டிக்குப் பயந்திருக்கலாம். நீங்க எனக்குப் பயந்தீங்க."

டீச்சர் அவள் தோளில் கையை வைத்தார். பாடசாலை வரும்வரை எடுக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாத்தளைக்குப் போனபோது பஸீரின் கராஜ் வாசலில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. எல்லாம் தரிப்பிடத்து வண்டிகள். சுவரில் ஒரு புதுப் பலகை: 'உயர்த்திய ஜீப்புகளுக்கு விசேட நேர் ஓட்ட செட்டிங்.' ஜீப்பில் பக்கத்தில் இருந்த றிஸ்கான், "விடுங்க, எல்லாம் சரியாச்சே," என்றான்.

"என்ன சரியாச்சு? இவங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனாவது என்கிட்ட வந்து ஒரு வார்த்த சென்னானா?"

அவள் ஜீப்பை ஓரம் கட்டினாள். இறங்கி, வரிசையில் நின்ற ஒவ்வொருவனிடமும் ஸலாமோ வணக்கமோ சொல்லி, "உங்கட வண்டியும் அலைஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பதில் வரும்வரை ஒருவனையும் விடவில்லை. ஆம் என்று ஒவ்வொருவனாகச் சொல்லும்படி ஆனது. கடைசியில் பஸீரின் முன்னால் போய் நின்று, "உங்கட பிழையத் திருத்துறதுக்கு விசேட செட்டிங் எண்டு பேரா?" என்று பலகையைக் காட்டினாள்.

பஸீர் அவளைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையின் ஆணியைத் தானே கழற்றத் தொடங்கினார்.