லிட்டருக்குப் பதினான்கு

எங்கள் வீட்டில் கீழ்த்தளத்தில் எண்ணெய்க் கிணறும் மாடியில் எண்ணெய்ச் சிக்கனமும் குடியிருந்தன. கீழே அப்பா. மேலே அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை. நடுவில் பதினெட்டுப் படிகள். இரண்டு பேரும் அந்தப் படிகளில் கால் வைப்பதை நிறுத்திவிட்டதால், ஏச்சுகளைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கும் வேலை எனக்கு வந்தது.

டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. கப்பல் வந்தால் பம்பில் டீசல் இருக்கும்; வராவிட்டால் ஊரில் பாதி வண்டி வாசலிலேயே நிற்கும். ஊருக்கு வடக்கே இருந்த களர் நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது என்று ஒரு கம்பெனி வந்து சொன்னது. துளை போடலாமா, வேண்டாமா? இதை ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று நகரசபை சொல்லிவிட்டது. துளைப்போம் என்ற கட்சிக்கு அப்பா தலைவர். எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருந்தவர், வேறு எப்படி இருப்பார். சேமிப்போம் என்ற கட்சிக்கு அத்தை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் எதிரே நிற்பவர்களை மாணவர்களாகவே பார்ப்பவர்.

எவனோ அனுப்புகிற கப்பலுக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கிறோம், காலுக்குக் கீழே கிடக்கிறதைத் தொடமாட்டோம் என்கிறோம் என்பார் அப்பா. பல் தேய்க்கும்போது குழாயை மூடாதவன்தான் இன்னொரு கிணறு கேட்பான் என்பார் அத்தை. ஒரே அச்சகத்தில்தான் இருவரின் நோட்டீசுகளும் அச்சாயின. அங்கே பிழை திருத்துகிறவள் நான். காலையில் அப்பாவைத் திருத்துவேன், மதியம் அத்தையை. படிக்கும்போது இரண்டுமே சரி என்றுதான் தோன்றும். ஒற்றெழுத்துகள் மட்டும் இரண்டு பேருக்கும் வராது.

இதற்கு நடுவில் நான் ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

டிப்போவில் அவரைச் சொட்டு என்று கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு டீசலை வீணாக்கமாட்டார் என்பதால் வந்த பெயர். சிக்னலில் எஞ்சினை அணைப்பார். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். நூறு அடி தள்ளி நிற்கிற பயணியை இங்கிருந்தே பார்த்து, பிரேக்கைத் தொடாமல் பஸ்ஸை அவர் காலடியில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்த டிப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வண்டியை உள்ளே விட்டதும், அன்றைக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்று டிரைவர் தன் வண்டியின் பின்பக்கம் சாக்பீஸால் எழுத வேண்டும். மறுநாள் முழுக்க அந்த எண் ஊரைச் சுற்றும். பின்னால் வருகிற இன்னொரு டிரைவர் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிவார். மூன்று வருஷமாக எல்லோருடைய வயிறும் இவரால்தான் எரிந்துகொண்டிருந்தது.

இதை அவர் இருக்கும்போது எழுதியிருந்தால் எண்களையெல்லாம் திருத்தியிருப்பார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தப்பு இருந்தால் அது அப்படியே இருக்கட்டும்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கணக்குப் போட்டார். பிரசாரத்துக்குப் பத்து நாள். இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரி பழைய வேன், ஒரு பீப்பாய் டீசல், இருநூறு லிட்டர், அதற்கு மேல் கிடையாது என்று தேர்தல் அதிகாரி சொல்லியிருந்தார். அப்பாவுக்கு டிரைவர் கிடைக்கவில்லை.

“பத்து நாள் நம்ம வேனை ஓட்டட்டும். ஆள் எப்படின்னு பக்கத்துல உக்காந்து பாக்கறேன். அப்புறம் பேசலாம்” என்றார்.

சொட்டு பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். என் வாழ்க்கை அந்தப் பீப்பாய்க்குள் போய் உட்கார்ந்தது.

முதல் நாள் நன்றாகவே போயிற்று. அப்பா முன்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்து பேசினார். வேன் வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் சத்தமே இல்லாததால் அப்பாவின் குரல் நாலு தெரு தள்ளிக் கேட்டது. பையன் நிதானமா ஓட்டறான் என்று சாப்பிடும்போது சொன்னார். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் வேனை எங்கள் வாசலில் விட்டதும், சொட்டு பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பின்கதவில் பதினான்கு என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். யோசித்து எழுதவில்லை. செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்தது. அந்தக் கதவில் அப்பாவின் போஸ்டர் ஒட்டியிருந்தது. ‘இருப்பது போதாது! புதுக் கிணறு வேண்டும்!’ அதற்குச் சரியாகக் கீழே, முழ உயரத்தில், ‘லிட்டருக்கு 14’.

அந்த மாதிரி வேன் எட்டுக்கு மேல் கொடுக்காது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் முதல் வேனுக்குப் பின்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. அப்பா முன்னால் உட்கார்ந்திருப்பவர். பின்கதவு அவர் கண்ணில் படாது. ஜனங்கள் வேன் தாண்டிப் போனதும் திரும்பிப் பார்த்தார்கள், சிரித்தார்கள், கை தட்டினார்கள். எதிரே வந்த பஸ்களெல்லாம் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தன. அப்பா தேர்தலில் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்தார். “உங்கத்தைகிட்டப் போய்ச் சொல்லு. பஸ் டிரைவருங்க மொத்தமும் நம்ம பக்கம்” என்றார். நான் மேலே போய்ச் சொன்னேன். அத்தை பால்கனியிலிருந்து வேனின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, “ரொம்பச் சந்தோஷம்னு சொல்லு” என்றார். அத்தை அவ்வளவு மரியாதையாகப் பேசினால் எங்கோ வெடி வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள்தான் எனக்கே தெரிந்தது. அச்சகத்து வாசலில் நின்றிருந்தேன். வேன் கடந்து போயிற்று. எண்ணைப் பார்த்தேன். பதினான்கு புள்ளி இரண்டு ஆகியிருந்தது. என் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதி வழியில் பயமாக மாறிற்று. மாலையில் தெருமுனையில் அவரைப் பிடித்துச் சொன்னேன். அவர் எங்கள் வாசலுக்குத் திரும்பி ஓடினார். கதவில் எழுதியதைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு, “பதினாலு புள்ளி மூணு ஆயிருக்கு இன்னைக்கு” என்று மெதுவாகச் சொன்னார். சொல்லாமல் இருக்க முடியவில்லை பாவம்.

துடைத்ததுதான் தப்பாகப் போயிற்று. நாலாம் நாள் டிப்போ வாசலில் ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“டேய் சொட்டு, நம்பர் எங்கடா? நேத்து எவ்வளவு குடுத்தே? இங்க பந்தயமே கட்டியாச்சு.”

அப்பா மைக்கை மடியில் வைத்தார். என்ன நம்பர் என்று கேட்டார். அப்பா இறங்கி, வேனைச் சுற்றிப் பின்னால் போனார். போஸ்டருக்குக் கீழே வெள்ளையாகத் தீற்றியிருந்ததில் பதினான்கு இன்னும் தெரிந்தது. பஸ்ஸிலிருந்த பயணிகள் இந்த முறை அவர் முகத்துக்கு நேரே சிரித்தார்கள்.

திரும்பி ஏறி உட்கார்ந்து அப்பா சொன்னதைச் சொட்டு எனக்கு அப்படியே சொன்னார். “பத்தாம் நாள் சாவியைக் குடுத்துட்டுப் போயிரு. அந்தக் கல்யாணப் பேச்சும் அதோட சரி.” வேறு டிரைவர் இருந்திருந்தால் அப்போதே இறக்கிவிட்டிருப்பார்.

மறுநாளிலிருந்து அப்பாவின் பிரசாரம் பாதி ஊருக்கு, பாதி சொட்டுவுக்கு. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மிதி, நல்லா மிதி, சிக்னல்ல எஞ்சின் ஓடட்டும் என்பார். இவரும் தன்னால் ஆனவரை மிதித்தார். சிக்னலில் எஞ்சின் சும்மா உறுமும்போது பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னார். கல்யாணம் போயிற்று என்ற துக்கம் ஒரு பக்கம், டீசல் போகிறதே என்ற துக்கம் இன்னொரு பக்கம். அப்படியும் பதினொன்றுக்குக் கீழே அவரால் இறங்க முடியவில்லை.

மாடிக் கட்சியின் கதை இதற்கு நேர்மாறு. அத்தையின் வேனை ஓட்டியவர் ஒரு மீசைக்காரர். ஒவ்வொரு தெருமுனையிலும் எஞ்சினை அலறவிட்டு, ஜனங்கள் திரும்பிப் பார்த்த பிறகுதான் திரும்புவார். அத்தை உள்ளே உட்கார்ந்து, தேவையில்லாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள் என்று மைக்கில் பேசுவார்; ஒரு வார்த்தையும் வெளியே கேட்காது. ஏழாம் நாள் மதியம், கடைத்தெரு மேட்டில் பாதி ஏறி, அந்த வேன் இருமி நின்றது. பீப்பாய் காலி. அப்பாவின் பீப்பாயில் பாதிக்கு மேல் இருந்தது.

ஒன்பதாம் நாள் மாலை நகர மண்டபத்தில் இரு கட்சிக்கும் பொது விவாதம். மேடையில் அப்பா, அத்தை, நடுவில் தேர்தல் அதிகாரி. உட்கார இடமில்லாமல் டிப்போக்காரர்களோடு பின்சுவர் ஓரம் சொட்டு நின்றிருந்தார். நான் இரண்டாம் வரிசையில்.

அரை மணி நேரம் இருவரும் நன்றாகவே அடித்துக்கொண்டார்கள். பிறகு முடிதிருத்துகிற ஒருவர் எழுந்து, ரெண்டு பேருக்கும் ஒரே அளவு டீசல்தானே, அம்மா வண்டி மேட்டுல படுத்துக்கெடக்கு, ஐயா வண்டி மட்டும் எப்படி ஓடுது என்று கேட்டார். கூட்டத்தில் யாரோ, திருட்டு டீசல் என்றார்கள். சிரிப்பு நின்றுபோயிற்று. வெளியிலிருந்து ஊற்றியது உண்மை என்றால் அப்பாவின் கட்சியை ஓட்டிலிருந்தே நீக்க வேண்டிவரும் என்றார் அதிகாரி.

கட்சிச் செயலாளர் பின்னாலிருந்து குனிந்து அப்பாவின் காதில் சொன்னது எனக்கே கேட்டது. “டிரைவர் எங்களுக்குத் தெரியாம ஊத்திட்டான்னு சொல்லிருங்க. நாளைக்கு எப்படியும் அனுப்பத்தானே போறீங்க.”

அப்படிச் சொல்லியிருந்தால் கட்சி தப்பித்திருக்கும். லிட்டருக்குப் பதினான்கு வெறும் பித்தலாட்டம் என்றாகியிருக்கும். இவருக்கு டிப்போ வேலையும் போயிருக்கும். உண்மையைச் சொன்னாலோ, ஒன்பது நாளாக அத்தை தொண்டை கிழியச் சொன்னதை அப்பாவே நிரூபித்த மாதிரி.

அப்பா எழுந்தார். தண்ணீர் குடித்தார். செயலாளரை ஒரு தடவை பார்த்தார்.

“வெளியிலேருந்து ஒரு சொட்டு வாங்கல. கொடுத்த டீசல்தான். ஓட்டினவர் அப்படி ஓட்டினாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எட்டு குடுக்கற வண்டியில சராசரி பன்னெண்டரை குடுத்தாரு. வேணும்னா பீப்பாயை அளந்து பாத்துக்கோங்க. பின்னாடி நிக்கறாரே, அவர்தான். எங்க வீட்டு மாப்பிள்ளை.”

மண்டபமே அதிர்ந்தது. டிப்போக்காரர்கள் நாற்காலிகளைத் தட்டினார்கள். அதிகாரி மணியை அடித்தார்; யாருக்கும் கேட்கவில்லை. சத்தம் அடங்கியதும் அத்தை மைக்கை இழுத்தார். தம்பி எங்கள் கட்சி வாதத்தை இவ்வளவு அழகாக எடுத்துச் சொன்னதற்கு நன்றி என்றார். பிறகு, “கல்யாணத்துக்கு வர்றேன். கிணத்துத் திறப்பு விழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே” என்றார்.

ஓட்டில் நூற்றுச்சொச்சம் வித்தியாசத்தில் அப்பா ஜெயித்தார். துளைத்தார்கள். எண்ணெய் வந்தது, சொன்னதில் கால்வாசி. வந்துச்சா இல்லையா என்று அப்பாவும், கால்வாசிதானே என்று அத்தையும் கடைசிவரை சண்டை போட்டார்கள். ஆனால் படியில் ஏறி இறங்கி, நேருக்கு நேர்.

அந்த மாலை எனக்கு இதற்காக நினைவில் இல்லை. அப்பா மாப்பிள்ளை என்றதும் எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். சொட்டு அங்கே இல்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். வேன் பக்கத்தில் நின்று, ஒரு துண்டுக் காகிதத்தில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அழுதீங்களா என்று கேட்டேன்.

“உங்கப்பா தப்பாச் சொல்லிட்டாரு” என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. எதைத் தப்பாகச் சொன்னார் என்று கேட்டேன்.

“பன்னெண்டரைன்னு சொல்லிட்டாரு. அஞ்சாம் நாள்லேருந்து அவர் மிதிக்கச் சொல்லி மிதிச்சது. அதைக் கழிச்சா பதினாலு வரும். உள்ள போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

நிஜமாகவே மண்டபத்தை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் பின்னாலிருந்து சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அவர் இழுக்க, நான் இழுக்க, சிரிப்பில் எனக்குக் கால் நிற்கவில்லை. வேனின் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் முடிந்து ஜனங்கள் வெளியே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மறுபடி எழுந்து போய்விடுவாரோ என்று நான் சட்டையை விடவேயில்லை.