பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு பிஸ்டல்

ஆயுதம் தாங்குவது சுதந்திர மனிதனின் பிறப்புரிமை, அதன் மேல் எந்த அரசும் கை வைக்க முடியாது என்று இந்தத் தேசத்தைக் கட்டியெழுப்பிய பெரியவர்கள், தலையில் பொய்முடியும் நெஞ்சில் மெய்ஞானமும் தரித்து எழுதி வைத்தார்கள். விற்பனை வரியைப் பற்றி அவர்கள் ஒன்றும் எழுதவில்லை. ராய்ஸ் பீலரின் அடகுக்கடையில் அது பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே.

சனிக்கிழமை காலை டெல்ஃபா க்ரௌடர் அந்தக் கடையில் தன் முறைக்காகக் காத்து நின்றாள். ஒரு பக்கம் மரம் அறுக்கும் ரம்பங்கள், இன்னொரு பக்கம் கம்பி அறுந்த கிடார்கள். நடுவில் நீளமான கண்ணாடிப் பெட்டி. கல்யாண மோதிரங்களுக்கும் பிஸ்டல்களுக்கும் அந்த ஒரே பெட்டிதான். அவளுக்கு முன்னால் காட்டு இலை அச்சடித்த சட்டை போட்ட ஒருவன் பெட்டி மேல் முழங்கையை ஊன்றியிருந்தான். அவன் எதையும் வாங்க வந்தவனில்லை. சனிக்கிழமைதோறும் அங்கே வந்து நின்று, வாங்க வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்வது அவன் வழக்கம். ராய்ஸ் அவனுக்குக் காபி கொடுப்பான். சம்பளம் கிடையாது.

"என்னக்கா வேணும்?" என்றான் ராய்ஸ்.

டெல்ஃபா செல்போனில் கம்பெனி அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்து மளிகைச் சாமான் போல வாசித்தாள். "செமி ஆட்டோமேட்டிக். ஒம்போது மில்லிமீட்டர். கறுப்பு."

"வீட்டுக்கா, வேலைக்கா?"

"வேலைக்கு. செக்யூரிட்டி."

"ஏன், கம்பெனி குடுக்காதா?"

"சட்டை குடுக்கும். அதையும் சம்பளத்துல பிடிச்சுக்கும்."

நான்கு வருடமாக அவள் ஒரு வங்கியின் கார் நிறுத்துமிடத்தில் வெறுங்கையோடு காவல் நின்றாள். திங்கட்கிழமை முதல் அந்த இடத்தில் ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு கேமராவும் நிற்கப்போகின்றன. கேமராவுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை வேண்டாம். கம்பெனியில் இனி துப்பாக்கிக் காவலர் வேலை மட்டும்தான், திங்கள் காலை ஆறு மணிக்குச் சொந்தப் பிஸ்டலோடு வந்து நின்றால் அவளுக்கு ஒரு இடம் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று மேற்பார்வையாளர் டர்வுட் சொல்லிவிட்டார். டர்வுட்டை எல்லாரும் கேப்டன் என்று கூப்பிட வேண்டும். எந்தப் படையில் கேப்டன் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

லைசென்ஸ் அவளிடம் இருந்தது. பயிற்சியில் ஐம்பது குண்டுக்கு நாற்பத்தாறு குறியில் பட்டது. பயிற்சி கொடுத்தவர் தன் பிஸ்டலைத் தானே இழுத்துத் தயார் செய்து கையில் கொடுத்தார். அவள் சுட மட்டும் செய்தாள்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"இருநூத்தி நாப்பது. வரியெல்லாம் சேர்த்து."

ராய்ஸ் பெட்டியின் மேல்தட்டிலிருந்து குனிந்து, நடுத்தட்டைக் கடந்து, கடைசித் தட்டுக்குப் போனான். செங்கல் போல ஒரு கறுப்புப் பிஸ்டலை எடுத்து மெத்தைத் துணியில் வைத்தான். "நூத்தி எண்பத்தொம்போது. அழகு இல்ல. ஆனா உழைக்கும். இழுத்துப் பாருங்க."

பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னால் முழுக்க இழுத்து விட்டால்தான் முதல் குண்டு உள்ளே போகும். டெல்ஃபா வலது கையில் பிடியைப் பற்றி, இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக இழுத்தாள். அரை அங்குலம் நகர்ந்து, ஸ்பிரிங் அவள் விரலிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றது.

"விரல்ல இழுக்காதீங்க, உள்ளங்கையால மூடிப் பிடிங்க," என்றான் இலைச்சட்டைக்காரன்.

மூடிப் பிடித்தாள். நகரவில்லை.

"இழுக்கக் கூடாதும்மா. வலது கைய முன்னால தள்ளணும். எல்லாம் மனசுலதான் இருக்கு. எதிரி முன்னால நிக்கறான்னு நெனச்சுக்குங்க."

"எதிரி கோழிய்யா," என்றாள் டெல்ஃபா. "பதினேழு வருஷம் தொடை எலும்பு எடுத்தேன். நிமிஷத்துக்கு இருபது தொடை. கட்டைவிரல் அங்கேயே போச்சு."

கோழி ஃபேக்டரியின் நர்ஸ் அவளுக்குக் கடைசிவரை கொடுத்த வைத்தியம் ஒரு ஐஸ் பையும், இரண்டு நிமிடம் கையை உதறிக்கொள்ளச் சொன்ன அறிவுரையும். கை உதறிய இரண்டு நிமிடத்தை மேஸ்திரி கழிப்பறை நேரத்தில் சேர்த்துக் கழித்தான்.

அவள் நாலாவது முறை முயன்றபோது கட்டைவிரலின் அடியில் ஏதோ நழுவியது. பிஸ்டலைத் துணியின் மேல் மெதுவாக வைத்துவிட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ராய்ஸ் நடுத்தட்டிலிருந்து வேறொன்றைக் கொடுத்தான். அதன் மேல்பகுதி ஜாடி மூடி போல லேசாக வந்தது. அதன் விலை நானூற்று எண்பது.

"லேசா வர்றதுதான் விலை ஜாஸ்திக்கா. என்ன பண்றது, ஸ்பிரிங்கை அப்படிச் செஞ்சிருக்கான்." ராய்ஸ் காதைச் சொறிந்தான். பிறகு பெட்டிக்குக் கீழே எங்கோ கைவிட்டு, ஒரு துணிப்பையிலிருந்து அதே கம்பெனி, அதே ரகப் பிஸ்டலை எடுத்து வைத்தான்.

அதன் மேல்பகுதி கறுப்பு. பிடியும் அதோடு சேர்ந்த கீழ்ப்பகுதி முழுவதும் பஞ்சுமிட்டாய் நிறம்.

"ஒருத்தன் பொண்டாட்டிக்குக் கல்யாண நாள் பரிசா வாங்கிக் குடுத்தான். ஆறு மாசத்துல இதையும் மோதிரத்தையும் அந்தம்மா ஒண்ணாக் கொண்டாந்து வச்சுட்டுப் போயிடுச்சு. மோதிரம் வித்துருச்சு. இது விக்கல. ஆம்பளைங்க தொடமாட்டாங்க. பொம்பளைங்களுக்குக் காட்டினா முறைக்கறாங்க. இருநூத்திப் பத்துக்குத் தர்றேன், உறையும் சேர்த்து."

டெல்ஃபா இழுத்தாள். வந்தது. மறுபடி இழுத்தாள். வந்தது.

"அருமை," என்றான் இலைச்சட்டைக்காரன். "கைப்பைக்கு மேட்ச்சா இருக்கும்."

"உன் சட்டை மட்டும் காட்டுக்குள்ள போயி எதைச் சுட்டுச்சு?" என்றாள் டெல்ஃபா. அவன் காபியைக் குடித்தான்.

அவள் வாசல்பக்கம் போய்க் கேப்டனைக் கூப்பிட்டாள். "கேப்டன், பிடி மட்டும் கொஞ்சம் வேற கலர்ல இருந்தாப் பரவாயில்லையா?"

"என்ன கலர்?"

"கொஞ்சம்... வெளிர் சிவப்பு."

"இந்தாம்மா, நாம நிக்கறது ஒரு மனுஷனா இல்ல, ஒரு அடையாளமா. ஜனங்க அந்தப் பிஸ்டலப் பார்த்ததும் சட்டத்தை நெனைக்கணும். பொறந்தநாள் கேக்கை நெனைக்கக் கூடாது. கறுப்பு. விதிமுறை ஏழு. முடியலன்னா சொல்லு, வேற ஆளு இருக்கு."

"முடியும் கேப்டன்."

பணத்தைக் கட்டிப் படிவத்தை நிரப்பினாள். சட்டத்துக்குத் தப்பி ஓடிய குற்றவாளியா, மனநலம் குன்றியவரா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுத, பேனா பிடித்த விரல் வலித்தது. சர்க்கார் தன் கணினியில் அவளைத் தேடி, அவள் நல்லவள்தான் என்று கண்டுபிடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. துணி உறைக்குள் பிஸ்டலைச் செருகிக் கொடுத்தபோது ராய்ஸ் குரலைத் தாழ்த்தினான். "கறி சுடுற அடுப்புக்கு அடிக்கற கறுப்புப் பெயிண்டு ஒண்ணு ஸ்ப்ரே டப்பால வருது. அஞ்சு டாலர். சூட்டுக்கே உரியாது."

ஞாயிறு மதியம், டெல்ஃபா தன் டிரெய்லர் வீட்டுப் படியில் செய்தித்தாளை விரித்தாள். மேல்பகுதியைக் கழற்றி வைத்தாள். பிடியின் ஓட்டைகளையெல்லாம் ஒட்டுநாடாவால் மூடி, கோட்டு மாட்டும் கம்பியில் தொங்கவிட்டு அடித்தாள். ஒரு பூச்சில் பஞ்சுமிட்டாய் சாம்பல் ஆனது. இரண்டாவதில் கத்தரிக்காய் ஆனது. மூன்றிலும் ஓரங்களில் சிவப்பு எட்டிப் பார்த்தது. நான்காவது பூச்சுக்குத்தான் கேப்டனின் விதிமுறை ஏழு வந்து சேர்ந்தது. அப்புறம்தான் டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். பூசிய பின் அடுப்பைப் பற்றவைத்து ஒரு மணி நேரம் நன்றாகச் சூடேற்றினால்தான் பெயிண்ட் இறுகும்.

பிடி பிளாஸ்டிக். அவள் சமையலறை ஓவனைத் திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்து மூடினாள். தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து, கை மாற்றிக் கை மாற்றி, அது சூடாகித் தானாக நின்றுபோகும்வரை காட்டினாள். ஜூன் மாதத்துப் புழுக்கத்தில் துவைத்த துணியே இரண்டு நாளாகக் காயாமல் கொடியில் கிடந்தது. இரவில் மேல்பகுதியை மாட்டி, பிஸ்டலை உறைக்குள் செருகி வைத்தாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு அவளுக்குக் கொடுக்கப்பட்ட இடம் அதே கோழி ஃபேக்டரியின் பெரிய கேட். கம்பெனியில் வந்து நின்ற பிறகுதான் எந்த இடம் என்று சொன்னார்கள்.

கேப்டன் அவளைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இடுப்பைப் பார்த்தார். ரசீதிலிருந்து பிஸ்டலின் எண்ணைத் தன் அட்டையில் எழுதிக்கொண்டார். "இது! இதுதான் கம்பெனி அடையாளம்!"

"உருவிக் காட்டட்டுமா கேப்டன்?"

"தேவையில்லாம உருவக் கூடாது. விதிமுறை நாலு."

ஒன்பதரை மணிக்கு ஜனங்கள் வந்தார்கள். எலும்பு எடுக்கும் பகுதிக்கு மெஷின் வந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று வெள்ளிக்கிழமை இரவு அங்கே வேலை பார்த்த அத்தனை பேர் போனுக்கும் ஒரு வரி போயிருந்தது. கடைசி இரண்டு வாரச் சம்பளம் வரவில்லை. எழுபது எண்பது பேர் இருப்பார்கள். பலர் ரப்பர் பூட்சோடு வந்திருந்தார்கள். முன்னால் வந்தவள் ஓடிலியா. டெல்ஃபாவின் வலது பக்கத்தில் பதினோரு வருடம் நின்று தொடை அறுத்தவள்.

"டெல்ஃபாக்கா! நீயா? ஐயோ, என்ன இது, போலீஸ் மாதிரி?"

"இங்க நிக்காத ஓடிலியா. தள்ளிப் போ."

"உள்ள ஆபீஸ்ல கேக்கணும்க்கா. சம்பளம் வரல. நீயே கேட்டு விடேன். உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

"என்னைய உள்ள விடமாட்டாங்கடி. கேட்டுக்கு இந்தப் பக்கம்தான் எனக்கும்."

பின்னாலிருந்தவர்கள் நெருக்கினார்கள். கேட்டின் கம்பிகள் அதிர்ந்தன. உள்ளே காருக்குப் பின்னால் நின்றிருந்த கேப்டன், "கைய வை! இடுப்புல கைய வைம்மா!" என்று கத்தினார்.

டெல்ஃபா வலது கையைப் பிஸ்டலின் மேல் வைத்தாள்.

சத்தம் நின்றது. முன்வரிசை ஒரு அடி பின்வாங்கியது, அதற்குப் பின்னால் இருந்தவர்களும் பின்வாங்கினார்கள். ஓடிலியா மட்டும் அசையாமல் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். அவளுடைய இரண்டு மணிக்கட்டிலும் பட்டைக் கட்டு இருந்தது.

"உனக்குக் கை சரியாயிடுச்சாக்கா?" என்று கேட்டாள்.

ஓடிலியா திரும்பி நடந்தாள். ஜனங்கள் சாலைக்கு அந்தப் பக்கம், மின்சார சிகரெட் விற்கும் கடையின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். கேப்டன் காருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, சம்பவத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்ததாக ரேடியோவில் தகவல் சொன்னார்.

டெல்ஃபா கையை எடுக்கப் பார்த்தாள். உள்ளங்கை உரிந்து வருவது போலப் பிரிந்து வந்தது. விரல்களில் பெயிண்ட் கறுப்பாக ஒட்டியிருந்தது. கேப்டன் பார்க்காதபோது பிஸ்டலை லேசாக மேலே இழுத்தாள். உறை கூடவே வந்தது, உறையோடு பெல்ட்டும், பெல்ட்டோடு கால்சட்டையும். இன்னும் பலமாக இழுத்துப் பார்த்தாள்.

பிஸ்டல் உறையில் ஒட்டிக்கொண்டிருந்தது.