தாய்மாமனுக்கு வெற்றிலை பாக்கு

உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த நல்லசிவம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் தியாகராய நகரில் ஒரு ஃபிளாட்டின் இரண்டாவது மாடிக்குக் குடிவந்தார். வாசலில் வாட்ச்மேன் உண்டு என்பதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி. மேற்கு மாம்பலத்தில் இருந்தவரை அவர் வீடு சத்திரமாகத்தான் கிடந்தது. வேலை கேட்டு வந்தவன், ஆஸ்பத்திரிக்கு வந்தவன் என்று தென்காசிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் அங்கேதான் பாயை விரித்தது. போதுமடா சாமி என்றாகிவிட்டது அவருக்கு.

குடிவந்த அன்றே வாட்ச்மேன் பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டார்: தெற்கத்திப் பேச்சோடு யார் வந்தாலும் சரி, ஐயா ஊரில் இல்லை. பொன்னுரங்கம் சொன்ன சொல் தவறாதவன். யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று இவர் பிரித்துச் சொல்லவில்லை. அவனும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் சாயங்காலம், வெளியே கிளம்பியவரிடம் அவன் பெருமையாகச் சொன்னான்.

"காலைல ஒரு அம்மா வந்துச்சு சார். தட்டுல வெத்தல பாக்கு, பத்திரிகை எல்லாம் வச்சிகினு. நீ ஊர்ல இல்லன்னு சொல்ட்டேன். என் கைல குடும்மா, நான் குட்த்துட்றேன்னேன். தம்பி கைலதான் குடுப்பேன்னுச்சு. ரொம்ப நேரம் கேட்டாண்ட நின்னுகினு இருந்துட்டுப் போச்சு."

யாரென்று நல்லசிவத்துக்குப் புரிந்துவிட்டது. அக்கா பேச்சியம்மாள். அவள் மகளுக்குக் கல்யாணம். முதல் வெற்றிலை பாக்கு தாய்மாமனுக்குத்தான். நேரில் வந்து கையில் கொடுத்தால்தான் அது அழைப்பு. அதற்காகத்தான் அந்த மூட்டுவலிக்காரி ராத்திரியெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். டாக்சி பிடித்து எழும்பூருக்கு ஓடினார். ரயில் போய்விட்டிருந்தது.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஊருக்கே பெரிய மனுஷன், வாய் வரவில்லை. சரக்கெடுக்கக் கோயம்புத்தூர் போயிருந்ததாகக் கடிதம் போட்டார். பதில் இல்லை.

ஊர்க்காரர்களிடம் தேதியை விசாரித்துக்கொண்டு, பட்டும் நகையுமாகச் சீர்த்தட்டோடு கல்யாணத்துக்குப் போய் இறங்கினார். மேடையில் தாய்மாமன் இடத்தில் சித்தப்பா மகன் அய்யாதுரை மாலையோடு நின்றான். பிறந்ததிலிருந்து இவரை 'ஏலே' என்று கூப்பிட்ட அக்கா, வாசலில் கைகூப்பி வரவேற்றாள்.

"வாங்க. கோயம்புத்தூர்ல இருந்து எப்ப வந்திய?" சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். "அன்னைக்கு உங்க வீட்டு மாடியில அசப்புல என் தம்பி மாதிரியே ஒருத்தர் பேப்பர் படிச்சிக்கிட்டு நின்னாரு. கூப்பிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வாட்ச்மேன் இல்லைன்னு சொல்லும்போது, நான் எப்படிக் கூப்பிட?"

'ஏலே' என்று கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் அடுத்து வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுக்கப் போய்விட்டாள்.

சீர்த்தட்டை யாரோ வாங்கி மற்றப் பரிசுகளோடு வைத்தார்கள். மாமன் கைபிடித்து மேடைக்கு வரவேண்டிய பெண் அய்யாதுரையின் கைபிடித்து வருவதை, நாலாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். கிளம்பும்போது எல்லோருக்கும் கொடுத்த தாம்பூலப் பையை இவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதில் வெற்றிலை பாக்கு இருந்தது.